கவர்ல வந்த மாத்திரை

3 ஜூன் 2025

அம்மாவுக்கு ரெண்டு பாதமும் எரியுதுன்னு நாலு நாளா தூக்கமில்ல, அதான் சாயங்காலம் தெருமுக்கு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன். மதுரைல எங்க ஏரியாவுல பாதி பேருக்கு அவருதான் டாக்டர். ஃபீஸ் 150 ரூபா, ஊசி மாத்திரை எல்லாம் அதுலயே அடக்கம், கைராசிக்காரர். டோக்கன் 41. உள்ள போனா ரெண்டு நிமிஷம். விரல்ல குத்திப் பாத்தாரு, 286. "சுகர் ஏறிக்கெடக்கும்மா, ஒரு வாரத்துக்கு மாத்திரை தர்றேன்." வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னு அவரு கேக்கல, அம்மாவும் சொல்லல, எனக்கு அந்நேரம் பாத்து ஆபீஸ் ஃபோன், வெளிய வந்துட்டேன்.

நரம்பு ஊசி போட்டாங்க. புது சிரிஞ்ச கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க, அத சொல்லணும். ஆனா போட்டு முடிச்சு மூடிய இன்னொரு கையால திரும்ப மாட்டி சாதா குப்பைக்கூடைல போட்டுட்டாங்க. ஊசிய கட்டர்ல வெட்டி, ஊசி குத்தி ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுலதான் போடணும்னு 2016லயே ரூல்ஸ் வந்தாச்சு. காலைல அந்த கூடைய கொட்டுற அக்கா கைய நெனச்சேன்.

கம்பவுண்டர் அண்ணன் மாத்திரை குடுக்குறத இன்னைக்குத்தான் நின்னு பாத்தேன். கத்திரிக்கோல எடுத்து அட்டைய நறுக் நறுக்குன்னு மூணா வெட்டுறாரு, பேரு பாதி ஒரு துண்டுல பாதி இன்னொரு துண்டுல, எக்ஸ்பயரி இருக்குற ஓரம் யாரு வீட்டுக்கு போச்சோ. எங்க மாத்திரைய பிதுக்கியே போட்டுட்டாரு. சின்ன பேப்பர் கவர், மேல பேனாவுல 1-0-1, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவ்ளோதான்.

6 ஜூன், காலை

கை இன்னும் நடுங்குது. நாலரைக்கு அம்மா ஏதோ உளர்ற சத்தம். தொட்டா நைட்டி தொப்பலா நனைஞ்சிருக்கு, என்னைய பாத்து அத்தை பேரச் சொல்லி கூப்பிடுறாங்க. சுகர் மெஷின்ல 48. 70க்கு கீழ போனாலே லோ சுகர். நல்லவேள முழுங்க முடிஞ்சது, மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சு குடுத்தேன், கால்மணி நேரம் கழிச்சு 63, திரும்ப சீனித்தண்ணி, அப்புறம் 94. ரெண்டு இட்லி சாப்புட வச்சேன். நேத்து ராத்திரி வயிறு மந்தமா இருக்குன்னு சாப்புடாமயே படுத்திருக்காங்க, மாத்திரை மட்டும் கரெக்டா போட்டாச்சு.

6 ஜூன், ராத்திரி

பகல் பூரா கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துல. இந்த மாத்திரையால எறங்குன சுகர் ஏறிட்டு மறுபடியும் எறங்கும்னு சொல்லி நர்ஸம்மா விடல, மணிக்கொருக்கா பாத்தாங்க. கவர்மெண்டோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா மாசாமாசம் வீட்டுக்கே வந்து அம்மாவுக்கு குடுக்குற அட்டைய காட்டுனேன், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரெண்டும் சுகர் மாத்திரை. கிளினிக் கவர்ல இருந்தத காட்டுனா இங்க உள்ள டாக்டரால என்னன்னு சொல்ல முடியல, பேரில்லாத மாத்திரைய யாரால சொல்ல முடியும்?

சாயங்காலம் கவரோட கிளினிக்குக்கு போனேன். அண்ணன் அலமாரிய தொறந்து ஒரு முழு அட்டைய எடுத்துக் காட்டுனாரு. கம்பெனி பேரு வேற, பொடி எழுத்துல கீழ படிச்சா அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். அம்மா மூணு நாளா ரெண்டு மடங்கு போட்டிருக்காங்க, அது சுகருக்கு இது கால் எரிச்சலுக்குன்னு நெனச்சு. டாக்டர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "நீங்க சொல்லிருக்கணும்ல" அப்டின்னாரு. சொல்லிருக்கணும்தான். நாள் பூரா 40, 50 பேர பாக்குறவரு கேட்டும் இருக்கணும்ல சார்னு சொன்னேன், குரல் கொஞ்சம் ஏறிருச்சு. மருந்தோட ஜெனரிக் பேர, அதாவது கம்பெனி வச்ச பேர இல்லாம உள்ள இருக்குற மருந்து பேர, தெளிவா, முடிஞ்சா கேப்பிடல் லெட்டர்ல எழுதணும்னு மெடிக்கல் கவுன்சில் 2016லயே சொல்லிருச்சு, சீட்டே எழுதாத எடத்துல அது எங்க செல்லும்.

9 ஜூன்

சுகாதார நிலையத்துல கிட்னிக்கு பாத்த கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் ரிசல்ட் கொஞ்சம் கூட. கிட்னி தளர்ந்தா மாத்திரை ஒடம்புல ரொம்ப நேரம் தங்கும்னு சொல்லி கிளிமிபிரைட நிறுத்திட்டாங்க. அம்மா போடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதியாச்சு.

14 ஜூன்

அம்மா பழையபடி அங்கதான் போகணும்ங்குறாங்க. "அந்த மனுசனப் போயி நிக்க வச்சு கேள்வி கேட்டியே"ன்னு கோவம் வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப லுங்கியோட ஓடி வந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனவரு அவருதான், நானும் மறக்கல. போனோம். நோட்ட நீட்டுனேன், படிச்சாரு, நல்லாவே படிச்சாரு. அட்டைய வெட்டாம குடுங்கண்ணேன்னேன், அண்ணன் மொறைச்சுட்டே முழுசா குடுத்தாரு. பின்னாடி நின்ன பாட்டிக்கு நறுக் நறுக்.

வீட்டுக்கு வந்து அம்மாவோட பிஸ்கட் டப்பாவ பேப்பர்ல கொட்டுனேன். 37 மாத்திரை, வெள்ளை, ரோஸு, மஞ்சள், ஒண்ணுத்துக்கும் பேரில்ல. அள்ளுறப்ப கையப் புடிச்சுட்டாங்க. "அந்த ரோஸ மட்டும் வச்சுருடி, காய்ச்சலுக்கு நல்லா கேக்கும்."