20 லிட்டர் வேஸ்ட் ஆயில் கேன் ஒருவழியாகக் காலியானது

வண்டிகளில் கழற்றின பழைய இன்ஜின் ஆயிலைச் சேர்த்துவைத்த வெள்ளைக் கேனைப் போன சனிக்கிழமை காலி செய்துவிட்டேன். சாக்கடையில் ஊற்றவில்லை, செங்கல் சூளைக்கு எரிக்கவும் கொடுக்கவில்லை. மறுசுத்திகரிப்பு ஆலைக்கு ஆயில் அனுப்புகிற ஒரு சர்வீஸ் சென்டரின் பீப்பாயிலேயே ஊற்றிவிட்டு வந்தேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவை ஸ்ப்ளெண்டர், அப்பாவின் பழைய புல்லட் 350, ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட். ஆயில் மாற்றும்போது ஸ்ப்ளெண்டர் தடவைக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் கக்கும், புல்லட் இரண்டுக்கு மேல், ஸ்விஃப்ட் மூன்றுக்கு மேல். தெருவில் இரண்டு மூன்று வண்டிக்கும் நான்தான் மாற்றிக் கொடுக்கிறேன். ஆயில் மாற்றுவது உங்களுக்குத் தெரியாததல்ல. கழற்றின ஆயிலைத் தரையில் ஒரு சொட்டு விழாமல் கேனுக்குள் கொண்டு சேர்ப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆயில் பிடிக்கக் கடையில் விற்கும் வட்டமான ட்ரேக்கள் எனக்குப் பிடிக்காது. தூக்கி நடந்தால் அலை அடிக்கும், சாய்த்து ஊற்றினால் பாதி விளிம்பிலேயே வழிந்து ட்ரேயின் முதுகுக்குப் போய்விடும். அதனால் காலியான 5 லிட்டர் டீசல் இன்ஜின் ஆயில் கேன் ஒன்றை அறுத்து நானே ஒன்று செய்துகொண்டேன். கேனை அகலமான பக்கம் தரையில் படும்படி படுக்க வைத்து, மேலே தெரியும் பக்கத்தில் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு நடுவை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அந்த இரண்டு விரல் விளிம்புதான் உயிர்நாடி. தூக்கும்போது ஆயில் ஆடினாலும் உள்பக்கமாகவே மடங்கி விழும். கேனுக்கு ஏற்கெனவே மூடியும் வாயும் இருக்கிறதே, அதுவே ஊற்றும் குழாய். பின்பக்கத்தைத் தூக்கி மூடியைத் திறந்தால் ஒல்லியான தாரையாக வரும்.

படுத்த நிலையில் உயரம் சுமார் 12 சென்டிமீட்டர்தான், ஜாக்கி போடாமலே ஸ்விஃப்டுக்கு அடியில் நுழைகிறது. ஒரு விஷயம் கவனம்: காரின் மூன்று லிட்டரும் இறங்கியதும் மூடி ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்விடும். மூடிக்குள் இருக்கும் வெள்ளை வாஷர் கிழிந்திருந்தால் அங்கேதான் கசியும். வெட்டுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வெட்டின வாய் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ட்ரெயின் ப்ளக்கை (ஆயில் இறங்க இன்ஜினின் அடியில் இருக்கும் திருகு) கழற்றின உடனே சூடான ஆயில் நேராகக் கீழே விழாது, எட்டிப் பாயும். மட்டம் குறையக் குறையத் தாரை பின்னுக்கு வந்து கடைசியில் ப்ளக் ஓட்டைக்கு நேர் கீழே சொட்டும். அந்தப் பாய்ச்சலின் நீளத்துக்குக் கேனின் நீளம் சரியாக இருக்க வேண்டும். கடைசி நூல் மாதிரித் தாரை வரும்போது காற்று அடித்தால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கார் ஓரமாக ஒரு அட்டையை நிறுத்தி மறைத்துவிடுவேன்.

ட்ரேயிலிருந்து பெரிய கேனுக்கு ஊற்றும்போது புனல் 'குபுக் குபுக்' என்று துப்புகிறது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். புனல் கேன் வாயை இறுக்கமாக அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? புனலுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு துண்டு ஒயரைச் செருகி இடைவெளி விடுங்கள், அவ்வளவுதான். புனலுக்குள் ஒரு பழைய எவர்சில்வர் டீ வடிகட்டி போட்டால் ட்ரேயில் விழுந்த ப்ளக்கின் செம்பு வாஷரைத் தேடிக் கையை விட வேண்டியதில்லை. (வாஷர் எப்போதும் விழும். அது அதன் பிறவிக் குணம்.)

தண்ணீர் பாட்டிலில் பிடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அது பெட் பிளாஸ்டிக், 70 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். ஓட்டிவிட்டு வந்து உடனே இறக்கும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கலாம். பக்கத்துத் தெரு நண்பரின் பாட்டில் அவர் கையிலேயே சுருண்டுபோனதை நேரில் பார்த்தேன். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது பெட்டைவிடச் சூடு தாங்கும் பிளாஸ்டிக். இன்ஜின் ஆயில் வரும் கேன்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

பெரிய கேனாக நான் நீலத்தை வாங்கவில்லை, வெள்ளைதான். ஆயில் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் புகுந்தால் அடியில் போய்த் தங்கும். வெள்ளைக் கேனாக இருந்தால் அது வெளியிலிருந்தே தனிப் பட்டையாகத் தெரியும். 20 லிட்டர் கேனில் 18-க்கு மேல் நிரப்புவதில்லை. சித்திரை வெயிலில் 20 டிகிரி ஏறினாலே 20 லிட்டர் ஆயில் கால் லிட்டருக்கு மேல் விரியும். கிட்டத்தட்ட 16 கிலோ கனம் என்பதையும் மனதில் வைத்துத் தூக்குங்கள்.

வைக்கிற இடம் தரை இல்லை, இடுப்பு உயர ஸ்லாப். வடசென்னைக்காரர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் மீனவர்களின் கைகாலும் கறுத்துப்போனதைப் பார்த்தோமே. என் கேன் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் முழங்கால் தண்ணீரில் மூடி சரியில்லாத கேன் ஒன்று மிதந்து கவிழ்ந்தால் எங்கள் சந்துக்கு அதுவே போதும்.

இனி கலப்பு விஷயம். இதில் நான் கறார். கேனுக்குள் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபோர்க் ஆயில் (பைக்கின் முன் ஷாக்கில் இருப்பது) மட்டும். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே இல்லை, கிளைக்கால் என்கிற ரசாயன வகை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் அப்படியே. பார்ட்ஸ் கழுவின பெட்ரோலை 'இதுவும் அழுக்குதானே' என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கால் லிட்டர், மொத்தக் கேனையும் சுலபமாகத் தீப்பிடிக்கிற சரக்காக மாற்றிவிடும். 2016-ன் அபாயகரமான கழிவு விதிகளில் மறுசுத்திகரிப்புக்குப் போகிற ஆயிலுக்கு ஈயம், பிசிபி என்கிற நச்சு ரசாயனம் முதலியவற்றுக்கு உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். ஆலையில் முதலில் நீரை நீக்கி, பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மறுபடி பேஸ் ஆயில் (புது ஆயில் தயாரிக்க அடிப்படையான எண்ணெய்) எடுக்கிறார்கள். கண்டதும் கலந்திருந்தால் அது எடுபடாது.

சர்வீஸ் சென்டரில் இது கண்கூடாகத் தெரிந்தது. முதலில் 'வெளி ஆயில் எடுக்கிறதில்ல சார்' என்றுதான் சொன்னார்கள். ஸ்டோர்ஸ் பார்க்கும் அண்ணன் மட்டும் மூடியைத் திறந்து முகர்ந்தார், கேனை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தார். 'தண்ணியும் இல்ல, பெட்ரோல் வாசமும் இல்ல. ஊத்துங்க தம்பி' என்றார். காசு கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அதற்கு முன்னால் ஏறி இறங்கின கடைகளில் ஒன்று, கலந்த ஆயிலை வாங்கி மாட்டிக்கொண்டதாகச் சொல்லி என்னை உட்காரக்கூட விடவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2024 ஏப்ரல் முதல் பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் தலையில் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் வீட்டில் ஆயில் மாற்றுகிறவன் கேனைத் தூக்கிக்கொண்டு கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு எரிச்சல்தான்.

நடுவில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமலும் இல்லை. சென்ட்ரிங் பலகையில் அடிக்கக் கேட்டார் மேஸ்திரி. கரையானுக்குக் கதவு நிலையில் தடவ எதிர்வீட்டு அத்தை கேட்டார். இரண்டு பேருக்கும் இல்லை என்றேன். அத்தைக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத்தூளும் எரிந்த மிச்சமும் சேர்ந்திருக்கும், தோலுக்கு ஆகாது. குழந்தைகள் கை வைக்கிற நிலையில் அதைத் தடவ எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் கரையான் மருந்து வாங்கி நானே அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கேன் தேடுகிறவர்களுக்கு: புதுப்பேட்டையில் 5 லிட்டர் காலிக் கேன்கள் குவிந்து கிடக்கும், மூடியோடு பொறுக்குங்கள். 20 லிட்டர் வெள்ளைக் கேன் பாரிமுனைப் பக்கம் வாங்கினேன். பழைய கேன் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஆசிட் கேனைக் கழுவித் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. சிந்தினால் துடைக்கப் பனியன் வேஸ்ட், மேலே தூவ மரக்கடைத் தூள். சோப்புத் தண்ணீர் ஊற்றி அலசினால் எல்லாம் சாக்கடைக்குத்தான் போகும்.

அடுத்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே ஆயிலை உறிஞ்சும் கைப்பம்பு ஒன்று வாங்கலாமா என்று யோசனை. ப்ளக்கையே தொட வேண்டாம், நான் மேலே எழுதினதெல்லாம் தேவையே இல்லாமல் போய்விடும். ஆனால் அடியில் தங்கின கசடு அதில் வருமா என்று சந்தேகம்.

அதற்கு முன்னால் ஃபில்டர் கதை முடியவில்லை. ஸ்விஃப்டின் ஆயில் ஃபில்டரைச் சூட்டோடு கழற்றி, தலையில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, வாய் கீழே இருக்கும்படி வடிகட்டிமேல் ராத்திரி முழுக்க நிறுத்தினால் ஒரு டம்ளர் அளவு ஆயில் இறங்குகிறது. ஓட்டை போடாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு பாதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிந்த ஆயில் கேனுக்குப் போய்விட்டது. வடிந்த ஃபில்டர்களை மட்டும் யாரும் வாங்கவில்லை, பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் மூடி போட்டுச் சேர்த்துவைத்திருக்கிறேன். இரும்பு என்று காயலான் கடைக்காரர் எடுப்பார் என்றால் அவர் உள்ளே இருக்கும் காகிதத்தைப் பிய்த்து எரிப்பார் என்பது என் பயம். ஸ்டோர்ஸ் அண்ணனிடம் அடுத்த தடவை இதையும் கேட்க வேண்டும்.