பானெட்டின் மேல் உட்கார்ந்திருப்பவர்

சஃபாரி முடிந்து லாட்ஜுக்குத் திரும்பியதும் விருந்தினர்கள் எல்லோரும் என் கையைத்தான் பிடித்துக் குலுக்குகிறார்கள். "சிறுத்தையைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டீர்களே" என்று நன்றி சொல்கிறார்கள், சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிறுத்தையைக் கண்டுபிடித்தவர் அதற்குள் வண்டியிலிருந்து கம்பளிகளை எடுத்து மடித்துக்கொண்டிருப்பார். வண்டியின் முன்னால், பானெட்டின் இடது ஓரத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இருக்கையில் மூன்று மணி நேரம் குளிர்காற்றை முகத்தில் வாங்கியபடி உட்கார்ந்து வந்தவர் அவர். எங்கள் டிராக்கர், அதாவது விலங்குகளின் தடம் பார்த்துத் தேடிக் கண்டுபிடிப்பவர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்னாப்பிரிக்காவில், க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் நான் கைடாக இருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு ஜோகன்னஸ்பர்க் வந்தவன், லீவு கிடைத்தபோதெல்லாம் க்ரூகருக்குப் போய்ப்போய், கடைசியில் வேலையை விட்டுவிட்டு கைடு பயிற்சியில் சேர்ந்தேன். அந்தக் கதை இன்னொரு நாள்.

க்ரூகர் 1926-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். அதன் மேற்கே சாபி சாண்ட், டிம்பவாட்டி என்று தனியார் காப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. முன்பு நடுவில் வேலி இருந்தது. சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் இடையிலிருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது யானைக்கும் சிங்கத்துக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. எல்லை மனிதர்களுக்கு மட்டும்தான். க்ரூகருக்குள் சொந்தக் காரில் போகிறவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் முகாமுக்கோ வெளி வாசலுக்கோ போய்விட வேண்டும். எங்களைப் போன்ற தனியார் காப்பகங்களில் கதவும் கூரையும் இல்லாத லேண்ட் குரூசரில் போகிறோம். சிங்கம், சிறுத்தை என்றால் சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள்ளும் ஓட்டலாம், இருட்டிய பிறகும் சுற்றலாம். பதிலுக்கு எங்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு விலங்கைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவர்கள் ரேடியோவில் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் விருந்தினர்களை எழுப்பிவிடுவோம். காபியும், அதில் தோய்த்துத் தின்கிற ரஸ்க்கும் கொடுத்துக் கிளம்பும் முன் நான் அழுத்திச் சொல்கிற விஷயம் ஒன்றுதான்: வண்டியில் எழுந்து நிற்காதீர்கள். பல தலைமுறைகளாக இந்த வண்டிகளைப் பார்த்துப் பழகிய விலங்குகள் வண்டியையும் அதிலிருக்கும் ஆட்களையும் சேர்த்து ஒரே உருவமாக எடுத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. ஒருவர் எழுந்து நின்றால் அந்த உருவம் உடைகிறது. உள்ளே மனிதன் இருக்கிறான் என்று சிங்கத்துக்குப் புரிந்துவிடும். இதைச் சொன்னதும் எல்லோரும் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள்.

எங்கள் டிராக்கர் ஷாங்கான் இனத்தவர். என்னைவிட மூத்தவர், அதனால் இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன். காப்பகத்து வேலிக்கு வெளியே இருக்கிற கிராமத்தில் மாடு மேய்த்து வளர்ந்தவர். மாடு ஒன்று காணாமல் போனால் பொழுது சாய்வதற்குள் தடம் பார்த்துத் தேடிக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வீட்டில் அடி விழும். அதனால் ஒவ்வொரு மாட்டின் குளம்பையும் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருந்தாராம். இந்த வட்டாரத்து மூத்த டிராக்கர்கள் பலரும் இப்படி வந்தவர்கள்தான்.

தடம் பார்ப்பது என்றால் மண்ணில் இருப்பது எந்த விலங்கின் கால் என்று சொல்வது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது வெறும் அரிச்சுவடி. பூனை இனம் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும், அதனால் சிறுத்தைத் தடத்தில் நகக்குறி இருக்காது, கழுதைப்புலித் தடத்தில் இருக்கும். பூனையின் அடிப்பாதத்துக்குப் பின்விளிம்பில் மூன்று மேடுகள் தெரியும். இதையெல்லாம் யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அது எப்போது போனது என்பதுதான் கஷ்டம். தடத்தின் மேல் பனி சொட்டிய புள்ளிகள் இருக்கின்றனவா, தடத்துக்கு அடியில் இருக்கின்றனவா? இரவில் ஊரும் பூச்சிகள் அதன் குறுக்கே கோடு போட்டிருக்கின்றனவா? விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, காற்றில் சரிந்துவிட்டதா? சில சமயம் தடத்துக்குள்ளேயே குழியானைப் பூச்சி குழி பறித்து உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் அந்தச் சிங்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். பெரியவர் இவ்வளவையும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறார். கையை லேசாகத் தூக்குவார், நான் பிரேக்கை அழுத்துவேன்.

ஜூலை மாதத்தில் ஒரு காலை. இங்கே அப்போது குளிர்காலம், புல் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும். முந்தின இரவு நாங்கள் போன டயர் தடத்தின் மேலேயே ஒரு பெண் சிறுத்தையின் தடம் இருந்தது. ஆக, நாங்கள் லாட்ஜுக்குத் திரும்பிய பிறகு வந்திருக்கிறது. கொஞ்ச தூரம் சாலையோடு நிதானமாக நடந்து, அப்புறம் இடதுபக்கம் புல்லுக்குள் இறங்கியிருந்தது. பெரியவர் கையில் ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் விருந்தினர்களோடு வண்டியில் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள சாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கிழக்குச் சாலையில் தடம் வெளியே வரவில்லை. தெற்கிலும் இல்லை. மேற்கே பார்த்தேன், அங்கேயும் இல்லை. வடக்கே காய்ந்த மணல் ஓடை. சரி, சிறுத்தை உள்ளேதான் இருக்கிறது.

கால்மணி நேரம் கழித்து ரேடியோவில் பெரியவர் குரல். வண்டியைக் கொண்டுபோனேன். ஒரு இடத்தில் மண்ணைக் காட்டினார். சிறுத்தை எடுத்துவைத்த அடிகளின் இடைவெளி குறுகிக்கொண்டே வந்திருந்தது, பதுங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு விரல்கள் ஆழமாகக் குத்திய நாலைந்து தடங்கள், பின்னால் வாரியிறைத்த மண். அடுத்து ஒரு இம்பாலா மானின் குளம்புகள் கன்னாபின்னாவென்று. அங்கிருந்து எதையோ இழுத்துக்கொண்டு போன அகலமான கோடு. கோடு கொஞ்ச தூரம் போய், தரை பாறைபோல் இறுகிக் கிடந்த இடத்தில் மறைந்துவிட்டது.

நானாக இருந்தால் குனிந்து அடுத்த தடத்தைத் தேடியிருப்பேன். பெரியவர் நிமிர்ந்து ஓடைப்பக்கம் பார்த்தார். இழுத்த கோட்டின் மேலே கழுதைப்புலியின் தடம் ஏறியிருக்கிறது, அதை ஏற்கெனவே கவனித்துவிட்டார். கழுதைப்புலி பின்னால் வருகிறது என்றால் சிறுத்தையால் தரையில் வைத்துத் தின்ன முடியாது, சீக்கிரமே மரத்தில் ஏற்ற வேண்டும். குளம்பைப் பார்த்தால் இம்பாலா நன்றாக வளர்ந்த கிடா, கனம். அவ்வளவு கனத்தோடு நெட்டாக நிற்கிற மரத்தில் ஏறுவது சிரமம், சாய்ந்த அடிமரமும் அகலமான கவையும் வேண்டும். அந்தப் பகுதியில் அப்படி ஒரே ஒரு மரம்தான் இருக்கிறது, ஓடைக்கரையில், நம்மூர்க் கருங்காலிக்கு உறவான ஜாக்கல்பெரி மரம். இவ்வளவையும் எனக்கு அவர் பிற்பாடு விளக்கினார். அந்த நேரத்தில் சொன்னது "ஓடைக்குப் போ" என்பது மட்டும்தான்.

சிறுத்தை அங்கேதான் இருந்தது. இம்பாலா கவையில் தொங்கியது, கீழே கழுதைப்புலி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா அழுதுவிட்டார். எனக்கே தொண்டை அடைத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிங்கத்துக்கோ சிறுத்தைக்கோ அருகில் போகும்போது டிராக்கர் பானெட் இருக்கையில் இருக்கக் கூடாது, பாதுகாப்புக்காக வண்டிக்குள் வந்துவிட வேண்டும். அதனால் எல்லோரும் கேமராவைத் தூக்கும் அந்த நேரத்தில் அவர் எனக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் விளக்கிப் பேசிக்கொண்டிருப்பது நான். நன்றி யாருக்கு வந்து சேரும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கைடுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் என் பொறுப்பு. முக்கியமாக யானை. ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிந்து, பின்னங்கால் நனைந்திருந்தால் நான் நிற்பதே இல்லை, யார் கெஞ்சினாலும் சரி. காதை விரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல்தான். ஆனால் அதை நம்பி ஒன்பது பேரின் உயிரை வைத்துச் சோதிக்க முடியாது. இரவில் விளக்கு அடிப்பதற்கும் முறை இருக்கிறது. இம்பாலா, வரிக்குதிரை மேல் வெளிச்சம் பட்டால் அவற்றுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது, அந்த இடைவெளி சிங்கத்துக்குப் போதும். வேட்டையில் நாங்கள் ஒரு பக்கம் சேரக் கூடாது.

காதும் வேண்டும். இம்பாலாக் கூட்டம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு மூக்கால் வெடுக்கென்று சீறினால் நிறுத்திப் பார்ப்போம். கௌதாரி கத்தும், அணில் விடாமல் திட்டும். வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்த குரல்களை மறைவிலிருந்து ஒலிக்கவிட்டுச் சோதித்து 1980-ல் இதை வெளியிட்டார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். மாடு மேய்க்கிற பையனுக்கும் அது தெரியுமே என்றார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காடுகள் ஆளில்லாத காடுகளாக இருந்தவை அல்ல. க்ரூகரின் வடகோடியில் பஃபூரி பகுதியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969-ல் நிறவெறி அரசு அங்கிருந்து வெளியேற்றி, நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. அவர்கள் விடாமல் கேட்டு 1998-ல் நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். காட்டைத் தெரிந்தவர்களை வெளியே தள்ளி வேலி போட்டுவிட்டு, அப்புறம் அவர்கள் பிள்ளைகளையே கூலிக்கு அழைத்துத் தடம் பார்க்கச் சொன்ன வரலாறு இது. விருந்தினர்களுக்கு நான் இதை மறைப்பதில்லை. விடுமுறைக்கு வந்தவர்களிடம் எதற்கு என்று சக கைடு ஒருவர் கேட்டார். வந்தவர்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

டிராக்கர்களின் அறிவுக்குச் சான்றிதழ் என்று ஒன்று வந்ததே 1994-ல்தான். லூயிஸ் லீபன்பெர்க் என்பவர் இந்தப் பக்கத்தில் உள்ள தோர்னிபுஷ் காப்பகத்தில் அந்தத் தேர்வுமுறையைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, மண்ணைக் காட்டிக் கேட்பார்கள், சொல்ல வேண்டும். 2010-ல் டிராக்கர் அகாடமி என்ற பயிற்சிப் பள்ளியும் வந்தது. இப்போதைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாடு மேய்ப்பதில்லை. அது நல்லதுதான். ஆனால் இந்த அறிவு தானாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது, இனிமேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

அது வெறும் சுற்றுலாவுக்கு மட்டும் தேவைப்படுவதும் இல்லை. காண்டாமிருகக் கொம்புக்காக இரவில் நுழைகிறவர்களின் செருப்புத் தடத்தைப் பின்தொடர்வதும் டிராக்கர்கள்தான். க்ரூகரில் 2011 வாக்கில் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் 2020-ல் மூவாயிரத்துக்கும் கீழே போய்விட்டன. ஒரு காலத்தில் இங்கே அடியோடு அழிந்துபோய், 1961 முதல் உம்ஃபொலோசி காப்பகத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து பெருக்கிய இனம் அது. இன்று காண்டாமிருகத்தைப் பார்த்தால் இடத்தை ரேடியோவில் சொல்வதில்லை. விருந்தினர்களிடமும் போனில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்கிறோம். தயவுசெய்து கோபப்படாமல் செய்யுங்கள்.

நம் ஊர்க்காரர்களும் இப்போது நிறைய வருகிறார்கள். "தம்பி, இங்க புலி இருக்காப்பா?" என்று கேட்டபடியே வண்டியில் ஏறுவார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது என்று சொல்லி, தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு போவது எனக்குப் பெரிய சந்தோஷம். வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முதல் வரிசையில் இடம் கிடைத்தால் உட்காருங்கள், டிராக்கர் எங்கே பார்க்கிறார் என்று அங்கிருந்து தெரியும். தடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இறங்குவதற்குப் பாதுகாப்பான இடமாக இருந்தால் நாங்களே இறக்கிக் காட்டுவோம். டிப்ஸை மொத்தமாக கைடு கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் அப்படிக் கொடுத்த பணத்தில் டிராக்கருக்குப் போய்ச் சேர்ந்தது கால்வாசிகூட இல்லை. தனி உறையில் போட்டு, அவர் பெயரைச் சொல்லி, அவர் கையிலேயே கொடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை புல் குறைவாக இருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வெளியே வரும். இம்பாலாக் குட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் வாருங்கள். குளிர்கால விடியலில் திறந்த வண்டியில் கம்பளி மட்டும் போதாது, காதை மூடும் குல்லாவும் கையுறையும் கொண்டுவாருங்கள். முடிந்தால் டிராக்கருக்கும் ஒரு ஜோடி.