3389-ஐ மூடிய கதை

டர்பனில் சின்னச் சின்ன கணக்காளர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, அவசரத்துக்கு யார் யாரோ வந்து ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசலை, நேராக வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டுப் போனார்கள். வேறு இடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் அந்த ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஊரடங்கு போன பிறகும் அதை மூட வேண்டும் என்று பல வீடுகளில் யாருக்கும் தோன்றவே இல்லை.

சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே வரிக்கணக்கு பார்க்கும் ஆன்ட்டி ஒருவர், "என் கம்ப்யூட்டரே என்னை உள்ளே விடமாட்டேங்குதுப்பா" என்று கூப்பிட்டார். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் பக்கம் பக்கமாக 4625, அதாவது தோற்றுப்போன லாகின். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நடுநடுவே ஆன்ட்டியின் பெயரும் வருகிறது. விண்டோஸ் 11-இல் 2022-இல் வந்த 22H2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் புதிதாகப் போட்டால், 10 தடவை தப்பானதும் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்பு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, மாட்டிக்கொண்டது ஆன்ட்டி.

"என்கிட்ட என்ன இருக்குன்னு வர்றான்?" என்றார். அவரைத் தேடி யாரும் வரவில்லை, இணையத்தில் உள்ள முகவரி ஒவ்வொன்றையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிற புரோகிராம் அது. ஆனால் திறந்துகொண்டால் கிடைப்பது சாதாரணமா என்ன? வாடிக்கையாளர்களின் அடையாள எண், வங்கிக் கணக்கு, வரி ஆவணம் எல்லாம் அங்கேதான்.

போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று அவருடைய தங்கை மகன் சொல்லியிருந்தார். ஈவென்ட் வியூவர் பதிவில் சத்தம் குறையும், அவ்வளவுதான். தேடுகிறவனுக்கு எந்த எண்ணில் இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் ரிமோட் டெஸ்க்டாப்தான். ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே இருந்த, 2019-இல் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஆதரவு நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது.

அதனால் 3389-ஐ மூடிவிட்டு ரவுட்டரிலேயே வயர்கார்ட் போட்டேன், சரியான டிஜிட்டல் சாவி உள்ள கருவிக்கு மட்டும் வீட்டுக்குள் ரகசியப் பாதை தரும் விபிஎன் அது. தெரியாத சாவியோடு வருகிறவனுக்கு அது பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். போனுக்கு ஒரு சாவி, லேப்டாப்புக்கு ஒரு சாவி. போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கினால் போதும். உள்ளே வந்த பிறகும், திரையைக் காட்டும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் என்எல்ஏ, நீளமான பாஸ்வேர்டு, அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. மொபைல் நெட்வொர்க் (எல்டிஇ) வழியாக இணையம் வருவதால், வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்காத வீடுகளுக்கு, அது இல்லாமலே இதே வேலையைச் செய்யும் டெயில்ஸ்கேல் போடுவேன்.

வயர்கார்டைக் கம்ப்யூட்டரில் போடாமல் ரவுட்டரில் போட்டதற்கு லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டுதான் காரணம். 2023-இல் அதன் கடுமையான கட்டமான ஸ்டேஜ் 6 ஓடிய நாட்களை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சின்ன யுபிஎஸ் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கரண்ட் திரும்பியதும் அது தானாக எழுந்திருக்க பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், ஒரு அமைப்பு உண்டு, அதைப் போடாமல் விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் ஆன்ட்டி ஜோகன்னஸ்பர்க் போனபோது மகள் வீட்டு லேப்டாப்பிலிருந்து இணைய வேண்டும் என்றார். பிள்ளைகள் கேம் விளையாட எதை எதையோ இறக்கி வைத்திருக்கும் லேப்டாப், டைப் செய்வதை ஒட்டுக்கேட்கிற ஏதாவது ஒன்று அதில் இருந்தால் நான் போட்ட அத்தனை பூட்டும் வீண். முடியாது என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய லேப்டாப்பைத் துடைத்து, புதிதாக விண்டோஸ் போட்டு, தனிச் சாவியோடு கூரியரில் அனுப்பி வைத்தேன்.