விலைச்சீட்டுக்குள் இருக்கும் கணக்கு

2006 ஏப்ரலில் தோஷிபா தன் முதல் எச்டி டிவிடி பிளேயரை அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜூனில் வந்த சாம்சங்கின் முதல் புளூ-ரே பிளேயரின் விலையோ 999 டாலர். எச்டி டிவிடியும் புளூ-ரேயும் உயர்தெளிவுப் படங்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு டிஸ்க் வடிவங்கள். இரண்டு பிளேயர்களுமே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசரைக் கொண்டு டிஸ்க்கைப் படிப்பவைதாம். இப்படி இரு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்ததும், விலை கூடியதே தரமானது என்று முடிவுகட்டுவது நம் வழக்கம்.

ஆனால் தோஷிபாவின் பெட்டியைப் பிரித்து உதிரிபாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், அதன் அடக்கவிலையே 700 டாலருக்கு அருகில் வரும் என்று மதிப்பிட்டது. அந்த வேலைக்கென்றே வடிவமைத்த மலிவான சிப் அப்போது கைவசம் இல்லாததால், உள்ளே ஒரு பென்டியம் 4 செயலியும் 1 ஜிபி நினைவகமும் வைத்திருந்தார்கள். பிளேயர் என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு கணினியையே விற்றார்கள் எனலாம். தங்கள் எச்டி டிவிடி வடிவமே நிலைத்துவிட்டால் பிறகு மற்ற தயாரிப்பாளர்களிடமிருந்து உரிமத்தொகையாகத் திரும்ப எடுத்துவிடலாம் என்பதே அந்த நட்டத்துக்குப் பின்னிருந்த கணக்கு என்று நான் கருதுகிறேன். 2008 பிப்ரவரியில் தோஷிபா போட்டியிலிருந்தே விலகியதால் அந்தக் கணக்கு பலிக்கவில்லை.

சாதாரண டிவிடி பிளேயரின் கதை வேறு. பல சிப்கள் செய்த வேலையை ஒன்றிரண்டு சிப்களே செய்யத் தொடங்கி, சிவப்பு லேசரும் லட்சக்கணக்கில் உற்பத்தியாகி மலிந்த பிறகு, சீனத் தொழிற்சாலைகள் அடக்கவிலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தன. பெட்டிக்கு இத்தனை டாலர் என்று குறைந்தபட்சம் விதிக்கப்பட்டிருந்த காப்புரிமைத் தொகை மட்டும் அந்த வேகத்தில் குறையவில்லை.