அப்பாவோடு கதைக்கப் பழகினோம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மறு பக்கம் கோச்சிச் சத்தம். அதற்குள் அப்பாவின் காது மந்தமாகிக்கொண்டு வந்தது பிடிபட நாள் எடுத்தது. ரீவி சத்தம் கூடியது. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல். அதிலும் பெரிய எரிச்சல், இரண்டு மூன்று தரம் சொல்லியும் கேட்காதவர், குரலை உயர்த்தினால், “ஏன் பிள்ளை கத்துறாய்? எனக்குக் காது கேக்கும்” என்பதுதான்.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அது வீம்பு இல்லை. காது மூக்கு தொண்டை டொக்டர் விளங்கப்படுத்திய அன்றைக்கே என் கோபத்தில் பாதி போய்விட்டது. உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் வயதால் கெடும்போது மெல்லிய சத்தம் கேட்காது. பலத்த சத்தம் மட்டும் முன்பு போலவே பலமாக விழும். சாதாரணமாகச் சொன்னால் எட்டாது, கத்தினால் காது கூசும். பாவம், அவர் இரண்டு தரமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

காதுக் குறும்பியை எடுத்துவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்போன், ஒலி கேட்டால் பட்டனை அமத்த வேண்டும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அப்பா கண்ணை மூடி, பெருவிரலைப் பட்டனில் வைத்து, சோதனை மண்டபத்தில் இருக்கும் பிள்ளை போல அவ்வளவு கவனமாக இருந்தார். அந்த விரல் நெடுநேரம் அசையவேயில்லை.

பரிசோதனை முடிவாக வந்த வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. தாழ்ந்த சுருதியில் ஓரளவு மேலே நின்ற கோடுகள், உயர்ந்த சுருதிக்குப் போகப் போகச் சரிந்துகொண்டே போயின. கோடு இறங்க இறங்கக் கேட்பது குறைவு என்று அர்த்தம். உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதியில். ச, த போன்ற ஒலிகளின் கூர்மை உயர்ந்த சுருதியில். அதனால் நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்கும், சொல்தான் விளங்காது. பெண்களின் குரலும் பேரப்பிள்ளைகளின் குரலும் இன்னும் கஷ்டம். தம்பி சொன்னால் கேட்கிறார், நான் சொன்னால் கேட்பதில்லை என்ற என் நெடுநாள் மனத்தாங்கலுக்கும் அங்கேதான் விடை கிடைத்தது.

காது மெஷின் வந்த பிறகுதான் உண்மையில் பொறுமை தேவைப்பட்டது. மெஷின் ஃபான் சத்தத்தையும் பேப்பர் புரட்டுகிற சரசரப்பையும் சேர்த்தே கூட்டிவிடும். தன் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. மூளை இதற்குப் பழக வாரக்கணக்கில் எடுக்கும். காலையில் அமைதியான நேரத்தில் கொஞ்சம் போட்டுத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினோம். கழற்றி வைத்தால் வற்புறுத்தவில்லை. பின்னேரத் தேத்தண்ணியோடு மறுபடி போட்டுக்கொள்வார். மெஷினின் அளவுகளைத் திருத்தவும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கொழும்பின் ஈரப்பதனுக்கு இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். பற்றரியின் ஸ்டிக்கரை உரித்து, காற்றுப்பட ஓரிரு நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும்.

வீட்டிலும் பழக்கம் மாறியது. குசினியில் நின்று குரல் கொடுப்பதில்லை. கிட்டப் போய், “அப்பா” என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகுதான் விஷயம். ரீவியை நிறுத்துவோம். விளங்காவிட்டால் அதே வசனத்தைத் திருப்பாமல் வேறு மாதிரிச் சொல்வோம். எல்லாவற்றிலும் கடினமானது “ஒண்டுமில்லை, விடுங்கோ” என்பதை விட்டதுதான். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது, என்ன என்று கேட்கும் மனிதருக்கு அந்தப் பதில் எவ்வளவு வலிக்கும்! அப்படித்தான் ஆட்கள் கதைப்பதைக் குறைத்து ஒதுங்கிப் போகிறார்கள். மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு 2024இல் சொன்ன, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் காது கேளாமையும் ஒன்று. ஆகவே சின்னப் பகிடி என்றாலும் இப்போது முழுதாகத் திருப்பிச் சொல்கிறோம்.

கனடாவில் இருக்கும் அண்ணாவோடு ஃபோனில் கதைப்பது இன்னும் சரிவரவில்லை. வாய் அசைவு தெரியாததால் பாதி விட்டுப்போகிறது. அதனால் வீடியோவில், அண்ணா முகத்தில் வெளிச்சம் படும்படி இருந்து ஆறுதலாகக் கதைக்கிறார். அடுத்த முறை அளவு திருத்தப் போகும்போது, மெஷினைப் புளூடூத்தில் ஃபோனோடு இணைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.