எந்த வேளைக்கு எந்த மொழி

2018ஆம் ஆண்டு அக்டோபரில் லக்சம்பர்க் நகரில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே, வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்த ‘மோயென்’ என்ற சொல்லை ஒரு ரொட்டிக்கடையில் சொல்லிப் பார்த்தேன். அந்நாட்டு மொழியில் அதுவே வணக்கம்; சொல்லுக்குப் பொருள் காலை என்றாலும் மாலை ஆறு மணிக்கும் அதையே சொல்வார்கள். கடைக்காரப் பெண்மணி ‘பொன்ஜூர்’ என்று பிரெஞ்சில் பதில் சொன்னார். என் உச்சரிப்பில் ஏதோ பிழை என்று எண்ணிக்கொண்டேன். அவர் எல்லைக்கு அப்பாலுள்ள பிரான்சின் தியோன்வில்லிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்துபோகிறவர் என்பதும், லக்சம்பர்கிய மொழி அவருக்குமே தெரியாது என்பதும் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வேலைக்கு வந்து திரும்புகிறார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏழு லட்சத்தைத் தொடவில்லை. அதிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டவர், அவர்களுள் போர்த்துகீசியரே அதிகம். பக்கத்து நாடான பெல்ஜியம், இந்தப் பகுதி டச்சு, அந்தப் பகுதி பிரெஞ்சு என்று நிலத்தில் கோடு கிழித்து மொழிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. லக்சம்பர்க்கில் அப்படி ஒரு கோடு இல்லை. இங்கே மொழி இடத்தைப் பொறுத்ததன்று, வேளையைப் பொறுத்தது: சட்டத்தைப் பிரெஞ்சில் எழுதுகிறார்கள், செய்தித்தாளை நெடுங்காலமாக ஜெர்மனில் படிக்கிறார்கள், வீட்டிலும் நாடாளுமன்றத்திலும் லக்சம்பர்கிய மொழியில் பேசுகிறார்கள். நான் ஓசூரில் பிறந்தவன். பால்காரரிடம் கன்னடமும் சந்தையில் தெலுங்கும் பேசிவிட்டு வீடு திரும்பித் தமிழில் அதட்டும் தாயிடம் வளர்ந்த எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் அங்கே எந்த வேளைக்கு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒவ்வொன்றையும் இடறி விழுந்துதான் கற்றேன்.

1984ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, மூன்று மொழிகளில் எதில் எழுதினாலும் அரசு அலுவலகம் இயன்றவரை அதே மொழியில் பதில் தர வேண்டும். மனைவியின் குடியிருப்பு அனுமதி தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு, மாலை வகுப்பில் கற்ற ஜெர்மனில் அரும்பாடுபட்டுக் கடிதம் எழுதினேன். பதில் பிரெஞ்சில் வந்தது. அதை நான் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு சான்றிதழை மறுபடியும் சென்னையிலிருந்து வரவழைக்க நேர்ந்து, ஏழு வாரங்கள் வீணாயின. ‘இயன்றவரை’ என்ற ஒற்றைச் சொல்லின் கனம் அன்று விளங்கிற்று.

மகளின் பள்ளி இன்னும் பெரிய பாடம். மழலையர் வகுப்பில் அவளிடம் லக்சம்பர்கிய மொழியில் பேசினார்கள்; ஆறு வயதில் எழுத்தறிவை ஜெர்மனில் தொடங்கினார்கள்; பிறகு பிரெஞ்சும் சேர்ந்துகொண்டது. தொடக்கப்பள்ளியில் ஜெர்மன் வழியாகக் கற்கும் கணக்கை மேல்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு வழியாகக் கற்க வேண்டியிருக்கும். ஜெர்மனில் இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நான் தமிழில் இருபத்து நான்கு என்று சொல்ல, அவள் அதை மனத்துக்குள் ஜெர்மனாக்கி, கேட்ட வரிசையிலேயே 42 என்று எழுதிவிடுவாள். இரண்டு மாதங்கள் இதே வழக்காக இருந்தது. வீட்டில் போர்த்துகீசிய மொழி பேசும் குழந்தைகள் இந்த ஜெர்மன் எழுத்தறிவில் சறுக்குவதை ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மும்மொழிப் பெருமையின் விலையைப் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு சிறிய மொழியை ஏன் காக்கிறார்கள் என்று தொடக்கத்தில் எரிச்சல்பட்டதுண்டு. அலுவலக நண்பர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துக் கதையைச் சொன்னார். நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1941 அக்டோபரில், குடியுரிமை, தாய்மொழி, இனம் என்ற மூன்று கேள்விகளோடு ஒரு கணக்கெடுப்பு நடத்த முயன்றார்கள். லக்சம்பர்கியம் வெறும் வட்டார வழக்கு, அதைத் தாய்மொழி என்று எழுதக் கூடாது என்று அறிவுறுத்தியும், மக்கள் மூன்று கேள்விக்கும் லக்சம்பர்கியம் என்றே எழுதத் தலைப்பட்டதால், ஆக்கிரமிப்பாளர்கள் கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு அந்த மொழியைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. இத்தனைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளில் அதற்கு இடமில்லை. தொடக்க உறுப்பு நாடாக இருந்தும் லக்சம்பர்க் அதைக் கேட்டுப் பெறவில்லை. தன் அரசமைப்புச் சட்டத்திலேயே அதை நாட்டின் மொழி என்று எழுதிக்கொண்டது 2023 ஜூலையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெங்கன் கிராமத்துக்குப் போனோம். பேருந்துக்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பொதுப்போக்குவரத்து இலவசம். மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கையெழுத்திட்டு எல்லைச் சோதனையை நீக்க ஒப்புக்கொண்டது இங்கேதான். பாலத்தைக் கடந்தால் ஜெர்மனி. சிறிது தூரம் நடந்தால் பிரான்ஸ். மகள் மூன்று நாடுகளிலும் கால் வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள்.

அந்த எல்லையில்லா ஐரோப்பா எங்களுக்குப் பாதிதான் சொந்தம். ஜெர்மனியின் டிரியரில் வாடகை மிகக் குறைவு என்பதால் சக ஊழியர்கள் பலர் அங்கே குடியிருந்து வேலைக்கு வருகிறார்கள். இந்தியக் குடிமகனான நான் அங்கே விருந்தாளியாக 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம்; குடியேற வேண்டுமானால் ஜெர்மனியிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் ஜெர்மனி எல்லைச் சோதனையைத் திடீரென்று கொண்டுவந்து ஆற்றுப்பாலங்கள் சிலவற்றை அடைத்தபோது, அந்தச் சக ஊழியர்கள் அடைந்த அதிர்ச்சி எனக்கு விநோதமாக இருந்தது. கையில் தாளோடு வரிசையில் நிற்பது அவர்களுக்கு அதுவே முதல் அனுபவம். எனக்கோ அது பழகிப்போன காரியம். 2024 செப்டம்பரில் ஜெர்மனி அதே சோதனையை மீண்டும் தொடங்கியது. டிரியர் பேருந்தில் காவலர் ஏறினால் முதலில் என் இருக்கைக்குத்தான் வருகிறார்.

ஐந்தாண்டுகள் இங்கே வசித்தவர் லக்சம்பர்கிய மொழித்தேர்வில் தேறினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு படத்தைப் பார்த்து விவரித்துப் பேச வேண்டும். எனக்கு வந்த படத்தில் ஒரு சந்தை இருந்தது. ஓசூர்ச் சந்தையை நினைத்துக்கொண்டு சரளமாகவே பேசினேன். தேறிவிட்டேன். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. லக்சம்பர்க் கடவுச்சீட்டு வேண்டுமானால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். ஊரிலிருக்கும் தாயிடம் தொலைபேசியில் சொன்னேன். “எல்லாம் சரிப்பா, அப்போ ஊருக்கு வர்றதுக்கு நீ யார்கிட்டயாவது அனுமதி கேக்கணுமா?” என்று கேட்டார். தேர்வுச் சான்றிதழ் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விண்ணப்பத்தை நானும் மனைவியும் இன்னும் நிரப்பவில்லை.