எஃப்-டிஆர் ரைஃபிளுக்குப் புது பேரல்: எந்த எஃகு?

எஃப்-டிஆர் என்பது முன்பக்கம் தாங்குகால் வைத்து, படுத்தபடி நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டிப் பிரிவு. அதற்காக நான் வைத்திருக்கும் .308 தோட்டா ரைஃபிளின் பேரலுக்கு (குழலுக்கு) ஆயுள் முடிகிறது என்பது போன சீசன் பாதியிலேயே தெரிந்துவிட்டது. 600 கஜத்தில் எந்தக் குறையும் இல்லை. 1,000 கஜத்தில் மட்டும், காற்று அமைதியாக இருக்கும்போதே, மேலேயோ கீழேயோ விலகி, 10 புள்ளி வர வேண்டிய இடத்தில் திடீரென்று ஒரு 8 விழும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் இறங்கியிருந்தது. ஹூஸ்டன் பக்கம் எனக்கு வேலை செய்து தரும் கன்ஸ்மித் (துப்பாக்கி செய்பவர்) போர்ஸ்கோப் என்ற மெல்லிய கண்ணோட்டக் கருவியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். தோட்டா உட்காரும் சேம்பரைத் தாண்டியதும் வரும் த்ரோட் பகுதி, கோடையில் வறண்ட ஏரிப் படுகைபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சில அங்குலம் தள்ளிப் பார்த்தால், குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான ரைஃபிளிங் புதிதாகவே இருந்தது.

இதைப் பார்த்துவிட்டு எஃகைப் பற்றி யோசிப்பது நல்லது. பேரலைத் தின்பது குண்டின் உராய்வைவிட, வெடிமருந்து எரியும்போது வரும் வெப்பமும் அழுத்தமும்தான். முதல் சில அங்குலம்தான் அந்த அடியை வாங்குகிறது. அதனால் ஆயுளை முதலில் நிர்ணயிப்பது தோட்டா. அதே அளவு துளைக்குப் பின்னால் அதிக மருந்து எரிந்தால் த்ரோட் சீக்கிரம் போகும். .308 பேரல் போட்டித் தரத்தில் 5,000 குண்டு வரை தாங்குவதுண்டு, 6.5 கிரீட்மூர் என்ற இன்னொரு தோட்டாவுக்கு 2,000 முதல் 3,000 வரை என்றுதான் பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். எஃப்-டிஆர் பிரிவில் .223, .308 இரண்டுக்குத்தான் அனுமதி என்பதால் இந்தக் கேள்வி எனக்கு முன்பே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது எஃகு.

துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிப்போன பெயர் குரோமோலி. 4140, 4150 என்று வரும் இந்த எஃகில் சுமார் 1 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். உறுதியானது, விலை குறைவு, ஆனால் துருப்பிடிக்கும். ராணுவத் துப்பாக்கிகளில் இதன் உட்புறத்துக்குக் கடின குரோம் பூச்சு கொடுப்பார்கள். வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் ஆரம்பகால எம்16 ரைஃபிள்களின் சேம்பருக்கு அந்தப் பூச்சு இல்லாமல் துருவேறி, தோட்டா ஓடுகள் சிக்கிக்கொண்டு சிப்பாய்கள் பட்ட பாடு வரலாறு. தொடர்ந்து சுட்டுத் தள்ளும் துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் பூச்சு ஏறுவதற்கு இடம்விட்டுத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும். பூச்சும் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படியாது. என் இலக்கில் 10 வளையம் 1,000 கஜத்தில் பத்து அங்குலம், அதற்குள் எக்ஸ் வளையம் ஐந்து அங்குலம். அங்கே இந்த ஏற்ற இறக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

நைட்ரைடிங் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். உருகிய உப்புக் குளியலில் பேரலை வைத்து, மேல்தோலை மட்டும் கடினமாக்கும் முறை. பூச்சு இல்லை என்பதால் துளையின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், துருவும் எளிதில் அண்டாது. ஆனால் சேம்பர் போட்ட பிறகுதான் செய்ய முடியும். செய்துவிட்டால், த்ரோட் தேய்ந்தபின் பின்பக்கம் ஓர் அங்குலம் வெட்டி மறுபடி சேம்பர் போடும் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். அந்தத் தோல், சேம்பர் வெட்டும் கருவியான ரீமரைக் கெடுத்துவிடும் என்று கன்ஸ்மித் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

கடைசியில் 416ஆர். பேரலுக்கென்றே வகுத்த ஸ்டெயின்லெஸ் எஃகு. குரோமியம் 12 சதவீதத்துக்கு மேல், கூடவே சிறிதளவு கந்தகம். அந்தக் கந்தகத்தால் இது லேத்தில் சுத்தமாகக் கடையும், ரைஃபிளிங் வெட்டும்போதும் பிசிறில்லாமல் வரும், கையால் லேப்பிங் செய்து (தேய்த்து மெருகேற்றி) துளையை ஒரே சீராக்கவும் வசதி. துல்லியப் போட்டிகளில் இது நிறைந்திருப்பதற்குக் காரணம் எஃகின் மந்திரம் இல்லை, அதில் செய்ய முடிகிற வேலையின் நேர்த்திதான் என்பது என் கருத்து. குறைகளும் உண்டு. குரோமோலியைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். பெயரில் ஸ்டெயின்லெஸ் என்றிருந்தாலும் ஹூஸ்டன் ஈரப்பதத்தில் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் புள்ளி விழும். இப்போதெல்லாம் எலக்ட்ரானிக் இலக்குகளில் அடுத்தடுத்துச் சீக்கிரம் சுடலாம், பேரல் சூடேறும். அதனால்தான் 8.25 கிலோ எடை வரம்புக்குள் எவ்வளவு தடிமனாகப் போக முடியுமோ அவ்வளவு தடிமன் கேட்டேன். கார்பன் ஃபைபர் சுற்றிய பேரல் மலையேறி வேட்டையாடுகிறவர்களுக்கு. படுத்தபடி சுடும் எனக்கு எடை ஒரு பாரமே இல்லை.

ஒற்றை வெட்டுளியால் சிறுகச் சிறுக ரைஃபிளிங் வெட்டிய, இன்னும் சேம்பர் போடாத 30 அங்குல பிளாங்க், வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வந்து சேரப் பல மாதங்கள். கன்ஸ்மித் துளையை அச்சாக வைத்து லேத்தில் கட்டி, நான் பயன்படுத்தும் நீளமான குண்டுக்கு ஏற்ற த்ரோட்டுடன் சேம்பர் போட்டார். புது பேரலில் முதல் நூறு குண்டு வாக்கில் வேகம் தானாக ஏறும். அது நிலைக்கும்வரை மருந்து அளவைத் தொடவில்லை. நிலைத்தபின் 1,000 கஜத்தில் மேல்கீழ்ச் சிதறல் எக்ஸ் வளையத்தின் உயரத்துக்குள் அடங்கியது. இனி தவறினால் அது நான் காற்றைப் படித்த விதம்.

காட்டுப்பன்றி வேட்டைக்கு, மழையிலும் லாரி சீட்டிலும் கிடக்கும் துப்பாக்கி என்றால் யோசிக்காமல் நைட்ரைடிங் செய்த குரோமோலியைச் சொல்வேன். என் ரைஃபிளுக்கு இதே எஃகில், இதே ரீமர் விவரத்துடன் இன்னொரு பிளாங்க்கை இப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன். இது தேய்ந்த பிறகு கேட்டால் ஒரு சீசன் போய்விடும்.